அத்தியாயம் 6: ஈரச்சந்தையில் ஒரு காலை

பிள்ளைகளைப் பார்க்கச் சிங்கப்பூர் வந்து ஒரு மாதம், இரண்டு மாதம் தங்குகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே எழும் கேள்வி இது: மீனும் காய்கறியும் எங்கே வாங்குவது? அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழேயே பேரங்காடி இருக்கும். ஆனால் அங்கே எல்லாம் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, விலை ஒட்டி, குளிர்ப்பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்க முடியாது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்க முடியாது. நாற்பது வருடம் தொட்டுப் பார்த்து வாங்கிய கை அந்தக் கண்ணாடிக் கதவின் முன்னால் சும்மா நிற்கும். அந்தக் கைக்கு வேலை கொடுக்கிற இடம்தான் ஈரச்சந்தை.

மீன்கடைப் பனிக்கட்டி உருகி வழியும் நீரும், கடைக்காரர்கள் அடிக்கடி ஊற்றிக் கழுவும் நீரும் தரையை எப்போதும் ஈரமாகவே வைத்திருப்பதால் இந்தப் பெயர். குளிரூட்டிய பேரங்காடிகள் வந்தபின், அவற்றிலிருந்து பிரித்துச் சொல்லச் சிங்கப்பூரில் 'வெட் மார்க்கெட்' என்ற பேச்சு பரவியது. தமிழில் அது ஈரச்சந்தை ஆயிற்று. 2020இல் கொரோனா பரவியபோது, காட்டு விலங்கு விற்கும் சந்தைகளையும் இவற்றையும் ஒன்றாகப் பேசி உலகமெங்கும் இந்தப் பெயரைக் கெடுத்துவிட்டார்கள். அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். நீங்கள் போகப்போவது நம் ஊர் மீன் மார்க்கெட்டும் காய்கறி மார்க்கெட்டும் ஒரே கூரையின் கீழ் வந்தது போன்ற இடம்.

எப்போது போவது

காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். பெரும்பாலான கடைகள் விடியும் முன்பே திறந்துவிடும். ஏழிலிருந்து ஒன்பது வரை பொருளும் நன்றாக இருக்கும், கடைக்காரரிடம் பேசவும் நேரம் இருக்கும். பதினொரு மணிக்கு மேல் மீன்கடைகள் ஒவ்வொன்றாகக் கழுவி மூட ஆரம்பித்துவிடும். காய்கறிக் கடையில் மட்டும் தாமதமாகப் போவதில் ஒரு லாபம் உண்டு: மீந்ததைக் கூறுகட்டி விலை குறைத்துத் தருவார்கள்.

திங்கட்கிழமை மீன் வாங்கத் திட்டமிடாதீர்கள். பல மீன்கடைகளுக்கு அன்று விடுமுறை. சந்தையையே சுத்தம் செய்வதற்காக வருடத்தில் சில நாட்கள் மூடுவார்கள். தேதியை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார்கள், உள்ளே நுழையும்போது ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சீனப் புத்தாண்டு சமயத்தில் வந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. பண்டிகைக்கு முந்தைய நாட்களில் வெள்ளை வாவலும் இறாலும் விலை ஏறிவிடும். பண்டிகை தொடங்கியதும் சீனர்களின் கடைகள் பல நாட்கள் மூடியிருக்கும். அந்த நாட்களுக்கு வேண்டியதை முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

காலில் பிடிப்புள்ள செருப்பு வேண்டும். வழுவழுப்பான அடிப்பாகம் உள்ள செருப்பு அந்த ஈரத்தில் வழுக்கும். வயதானவர்கள் மீன் பகுதியில் நிதானமாக நடக்க வேண்டும். சேலை உடுத்துகிறவர்கள் கொசுவத்தைச் சற்று உயர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள்.

தேக்காவிலிருந்து தொடங்குங்கள்

சிங்கப்பூரில் பேட்டைக்குப் பேட்டை ஈரச்சந்தை உண்டு. தமிழருக்கு முதல் சந்தையாக நான் சொல்வது தேக்கா. லிட்டில் இந்தியா எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தின் சி வாயிலில் ஏறினால் பஃபலோ ரோடு. அதன் ஓரத்திலேயே சந்தை.

'தேக்கா' என்பது ஹொக்கியன் சீனச் சொல். சிறு மூங்கில்களின் அடிவாரம் என்று பொருள். ஒரு காலத்தில் பக்கத்துக் கால்வாய்க் கரையில் மூங்கில் வளர்ந்திருந்தது. மலாய்க்காரர்கள் இந்தப் பகுதியைக் 'கண்டாங் கெர்பாவ்' என்பார்கள், எருமைக் கொட்டில் என்று அர்த்தம். மாட்டு வியாபாரம் இங்கே நடந்ததன் தடம்தான் அந்தப் பெயரும் பஃபலோ ரோடு, அதாவது எருமைச் சாலை, என்ற தெருப்பெயரும். பழைய சந்தை 1915இல் சாலையின் எதிர்ப்புறத்தில் எழுந்தது. 1982இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. ஹொக்கியன் உச்சரிப்பை மாண்டரினுக்கு மாற்றி 'ஜூஜியாவ்' என்று பெயர் வைத்துப் பார்த்தார்கள். மக்கள் வாயில் தேக்கா போகவில்லை. 2000இல் அந்தப் பெயரே அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது.

கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் சாப்பாட்டுக் கடைகள், மறுபக்கம் சந்தை. மேல்தளத்தில் துணிக்கடைகள். முதல் நாள் எதையும் வாங்காமல் சந்தையை ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். மீன் எங்கே, ஆட்டுக்கறி எங்கே, தேங்காய் எங்கே என்று மனதில் வரைபடம் விழட்டும். எந்தக் கடை முன்னால் உள்ளூர்ப் பெண்மணிகள் கூடி நிற்கிறார்கள், எந்தக் கடைக்காரர் கத்தியை அடிக்கடி கழுவுகிறார் என்று கவனியுங்கள். இந்த அரைமணி நேரம் அடுத்த இரண்டு மாதத்துக்கு உதவும்.

மீன்கடையில்

முதல்முறை தேக்கா போனபோது நான் செய்த தவறைச் சொல்கிறேன். வீட்டிலேயே உட்கார்ந்து பட்டியல் எழுதிக்கொண்டு, பதினொன்றரை மணிக்குப் போய், வஞ்சிரம் வேண்டும் என்று கேட்டேன். வயதான சீனர் ஒருவர் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். மிச்சம் இருந்த வால் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாளைக்கு வாங்க, காலையிலே" என்று தமிழிலேயே சொன்னார். தேக்காவில் பல ஆண்டு கடை வைத்திருக்கும் சீனர்கள் வியாபாரத் தமிழ் பேசுவது அங்கே சாதாரணம். மறுநாள் ஏழு மணிக்குப் போனேன். வஞ்சிரம் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு கானாங்கெளுத்தியை எடுத்து, கட்டைவிரலால் செவுளைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். உள்ளே மாதுளை முத்தின் சிவப்பு. "இன்னைக்கு இது எடுங்க, குழம்புக்கு நல்லா இருக்கும்." அன்றைக்கு வைத்த குழம்பில்தான் இந்த அத்தியாயத்தின் முதல் பாடத்தைக் கற்றேன்: சமையலை முடிவு செய்துவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள், சந்தையைப் பார்த்துவிட்டுச் சமையலை முடிவு செய்யுங்கள்.

கடைக்காரர்கள் பெரும்பாலும் மலாய்ப் பெயரில்தான் மீனைச் சொல்வார்கள். கீழே உள்ளதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'இக்கான்' என்றால் மீன்.

- தெங்கிரி: வஞ்சிரம், ஈழத்தில் அறக்குளா. இதில் பெரிய வகையைப் பாத்தாங் என்பார்கள்.
- கெம்போங்: கானாங்கெளுத்தி, அயிலை; ஈழத்தில் கும்பளா.
- பாவால் பூத்தே: வெள்ளை வாவல். பாவால் ஹீத்தாம்: கருவாவல்.
- சியாக்காப்: கொடுவா.
- குராவ்: காலா. முள் குறைவு, குழந்தைகளுக்குக் கஞ்சியில் போட உள்ளூர்க்காரர்கள் இதைத்தான் வாங்குவார்கள்.
- இக்கான் மேரா: சிவப்பு நிறச் செப்பிலி வகை. மீன் தலைக்கறிக்கு இதன் தலை பேர்போனது.
- தொங்கோல்: சூரை. பாரி: திருக்கை. பிலிஸ்: நெத்திலி.
- ஊடாங்: இறால். சோத்தோங்: கணவாய். கெத்தாம்: நண்டு.

பெயர் புரியாவிட்டாலும் மீனைப் பார்க்கத் தெரிந்தால் போதும். கண் புடைத்துப் பளபளப்பாக இருக்க வேண்டும். குழி விழுந்து வெளுத்திருந்தால் வேண்டாம். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் நாளாகிவிட்டது. உடம்பை விரலால் அழுத்தினால் குழி உடனே நிமிர வேண்டும். துண்டு மீன் என்றால் நடுமுள்ளைப் பாருங்கள். சதை முள்ளோடு ஒட்டியிருப்பது நல்ல மீன், விலகி நிற்பது பழைய மீன். இறாலில் தலையைப் பாருங்கள். கறுத்தும் தொங்கியும் இருந்தால் விட்டுவிடுங்கள். சேற்று நண்டு உயிரோடு, கயிறு கட்டித்தான் விற்க வேண்டும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். பெரிய நண்டைச் 'சிலோன் நண்டு' என்று சொல்லி விற்பார்கள். இலங்கையின் களப்புகளிலிருந்து விமானத்தில் வரும் நண்டுதான் அது.

செதில் உரித்துக் குடல் எடுத்துத் தருவதற்குத் தனிக் கூலி கிடையாது. ஆனால் எப்படி வெட்ட வேண்டும் என்பதை நிறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். 'கறி' என்று ஒரு சொல் சொன்னால் குழம்புத் துண்டாக வெட்டிவிடுவார்கள். சீனர், மலாய்க்காரர் எல்லோருக்கும் அந்தச் சொல் தெரியும். தலை வேண்டுமென்றால் சொல்லி வாங்குங்கள், சொல்லாவிட்டால் கழித்துப் போட்டுவிடக்கூடும்.

ஓர் எச்சரிக்கை. சந்தை மீன் சமைத்துச் சாப்பிடுவதற்கு மட்டுமே. 2015இல் சிங்கப்பூரில் பச்சை நன்னீர் மீனைச் சாப்பிட்ட பலர் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் கடுமையாக நோயுற்றார்கள். அதன்பின் உணவுக் கடைகளில் பச்சை நன்னீர் மீன் பரிமாறுவதையே தடை செய்தார்கள். ஜப்பானிய உணவுக்கான மீன் வேறு வழியில், வேறு குளிரில் வருவது. எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் சந்தை மீனைப் பச்சையாகத் தொடாதீர்கள்.

ஆட்டுக்கறியும் கோழியும்

தேக்காவின் ஆட்டுக்கறிக் கடைகளுக்கு ஊர் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். தமிழிலேயே பேசி வாங்கலாம். கேட்க வேண்டியவை இரண்டு: வெள்ளாடா செம்மறியா, எந்த நாட்டிலிருந்து வந்தது. சிங்கப்பூர் தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. ஆட்டுக்கறியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வருவது. உறைய வைத்ததும் உண்டு, குளிரில் வைத்ததும் உண்டு. உறைந்து வந்ததை இளக்கி விற்றால் அதை மறுபடியும் உறைபெட்டியில் வைக்கக் கூடாது, அன்றே சமைத்துவிட வேண்டும். ஆகவே கேட்டு வாங்குங்கள். "குழம்புக்கா, பிரியாணிக்கா?" என்று அவர்களே கேட்பார்கள். குழம்புக்கு எலும்போடு தொடைக்கறியும் கொஞ்சம் நெஞ்செலும்பும் கலந்து கேளுங்கள்.

கோழியில் பெரும்பங்கு மலேசியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருகிறது. 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது சிங்கப்பூர்ச் சந்தைகளில் கோழிக்கடைகள் பல மூடிக் கிடந்தன. ஓர் ஊரின் அடுப்பு எத்தனை எல்லைகளைத் தாண்டி எரிகிறது என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது. 'கம்போங் கோழி' என்று கேட்டால் நம் நாட்டுக்கோழியை ஒத்த வகை கிடைக்கும். சதை கெட்டி, ரசத்துக்கு நன்றாக இருக்கும். தோலும் எலும்பும் கறுத்த கோழி ஒன்று தொங்கும். கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். சீனர்கள் பிள்ளை பெற்றவளுக்குச் சூப்பு வைக்கும் கருங்கோழி அது.

ஹலால் தேவைப்படுகிறவர்கள் கடையில் மூயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய மன்றம்) சான்றிதழ் தொங்குகிறதா என்று பாருங்கள். பன்றி இறைச்சிக் கடைகள் தனியாக இருக்கும். கேலாங் சிராய் சந்தை மலாய் முஸ்லிம்களின் சந்தை. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள், பன்றி தவிர்ப்பவர்கள் யாராக இருந்தாலும் கூச்சப்படாமல் கேளுங்கள். பல மதத்தார் பக்கம் பக்கமாக நின்று வாங்கிப் பழகிய ஊர். அந்தக் கேள்வியை யாரும் தவறாக எடுப்பதில்லை.

காய், கீரை, தேங்காய்

முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழைப்பூ, வாழையிலை, கறிவேப்பிலை எல்லாம் தேக்காவிலும் பஃபலோ ரோட்டுக் கடைகளிலும் கிடைக்கும். அவற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே மட்டும் மலிவாகக் கிடைப்பவற்றை வாங்கிச் சமைத்துப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். 'பாயாம்' நம் தண்டுக்கீரைக்கு உறவு; பருப்புப் போட்டுக் கடையலாம். 'காங்கோங்' தண்டு உள்ளே குழலாக இருக்கும். பூண்டும் மிளகாயும் தட்டிப் போட்டு அதிகத் தீயில் இரண்டே நிமிடம் வதக்கினால் போதும். 'சாய் சிம்' மஞ்சள் பூவோடு வரும், பொரியலுக்கு ஆகும். பண்டான் இலை ஈழத்துக்காரர்களுக்கு ரம்பை; சோறு வடிக்கும்போது ஒரு முடிச்சுப் போட்டால் வீடே மணக்கும். சேராய், லெங்குவாஸ் என்று கேட்டால் எலுமிச்சைப்புல்லும் அரத்தையும் தருவார்கள்.

மலாய்ச் சொற்களுக்குப் பயப்பட வேண்டாம். சில உங்கள் வீட்டுச் சொற்கள். கடை அங்கே 'கெடாய்', மாம்பழம் 'மெம்பெலாம்', முருங்கை 'மெருங்காய்'. நம் வியாபாரிகளோடு கப்பலேறிப் போன சொற்கள் இன்னும் அந்தச் சந்தையில் விலைபேசிக்கொண்டிருக்கின்றன.

தேங்காய்க் கடையைத் தவறவிடாதீர்கள். காயை உடைத்து, ஓட்டை நீக்கி, கண்முன்னே இயந்திரத்தில் திருகித் தருவார்கள். பழுப்புத் தோல் சீவிய வெள்ளைத் துருவல் வேண்டுமா, தோலோடு வேண்டுமா என்று கேட்பார்கள். சட்னிக்கு வெள்ளை, குழம்புக்குப் பால் எடுக்கத் தோலோடு இருந்தாலும் பரவாயில்லை. அந்த வெயிலில் துருவல் சீக்கிரம் புளித்துவிடும். கடைசியாக வாங்கி நேரே வீட்டுக்குப் போங்கள்.

எடை, விலை, பேரம்

சிங்கப்பூரில் விலை கிலோவுக்கு. பழைய கடைக்காரர்கள் சிலர் இன்னும் 'காத்தி' என்பார்கள். ஏறக்குறைய 600 கிராம். விலைப்பலகையில் கிலோவா, காத்தியா, நூறு கிராமா என்று பார்க்காமல் "மலிவாக இருக்கிறதே" என்று எடுத்துவிடாதீர்கள்.

இங்கே கடுமையாகப் பேரம் பேசும் பழக்கம் இல்லை. மூன்று நான்கு பொருள் வாங்கினால் சில்லறையைக் குறைத்து முழுத்தொகையாகச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். வயதில் மூத்த ஆணை 'அங்கிள்', பெண்ணை 'ஆன்ட்டி' என்றும், தமிழரை அண்ணே, அக்கா என்றும் அழையுங்கள். மலாயில் 'பெராப்பா?' என்றால் எவ்வளவு. தொடர்ந்து வாங்கினால் நாலு பச்சை மிளகாயோ ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ தானாகப் பையில் விழும். கொசுறு என்ற நம் வழக்கம் கடல் கடந்தும் இருக்கிறது. ஹாங்காங் காய்கறிக் கடைகளில் கூடக் காய் வாங்கினால் இரண்டு தாள் வெங்காயத்தைச் சும்மா செருகித் தருவார்கள்.

பணமாகக் கொண்டு போங்கள், 2, 5, 10 வெள்ளி (டாலர்) நோட்டுகளாக. பணம் கட்டுவதற்கான கியூ.ஆர். அட்டை பல கடைகளில் தொங்கும். பெரும்பாலும் அது உள்ளூர் வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கானது. துணிப்பை இரண்டு, மீனுக்குத் தனியாக ஒன்று. டுரியான் ஆசைப்பட்டு வாங்கினால் எம்.ஆர்.டி.யில் கொண்டுபோக முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

வேறு ஊர்களுக்குப் போனால்

முறை எங்கும் ஒன்றுதான், நிறுவை மட்டும் மாறும். ஹாங்காங்கில் 'கான்' என்பது ஏறக்குறைய 605 கிராம். தைவானில் 'ஜின்' 600 கிராம். சீனாவில் அதே 'ஜின்' 500 கிராம். தாய்லாந்தில் 'கீத்', வியட்நாமில் 'லாங்', இந்தோனேசியாவில் 'ஓன்ஸ்' மூன்றும் 100 கிராம். பாங்காக்கில் பலகையில் எழுதிய விலை கீத்துக்கா கிலோவுக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்து மடங்கு வித்தியாசம்.

சில ஊர்களில் கறிக்கடை, மீன்கடை மேலே சிவப்பு விளக்கு எரியும். அந்த ஒளியில் பழைய கறியும் புதிதாகத் தெரியும். சீனாவில் 2023 டிசம்பர் 1 முதல் அப்படி நிறத்தை மாற்றிக் காட்டும் விளக்குகளைத் தடை செய்துவிட்டார்கள். மற்ற ஊர்களில் கறியை விளக்கின் கீழிருந்து வெளியே நீட்டி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

வாங்கும் வரிசையில் காய் முதலில், கறி பிறகு, மீன் கடைசி, தேங்காய் அதற்கும் கடைசி. மீனும் கறியும் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டிக்குள் போய்விட வேண்டும். வெயில் கடுமையாக இருந்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. வழியில் காபி குடிக்க ஆசை இருந்தால் மீன் வாங்கும் முன்பே குடித்துவிடுங்கள். வீட்டில் மீனுக்கும் கறிக்கும் ஒரு பலகை, காய்க்கு வேறு பலகை. இளக்கி விற்ற கறியைத் தவிர, அன்றைக்குச் சமைக்காததைக் கழுவி, நீர் வடித்து, ஒருவேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி உறைய வையுங்கள்.

கடைசியாக ஒன்று. எல்லாக் கடையிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி விலை ஒப்பிடுவதை முதல் வாரத்தோடு நிறுத்திவிட்டு, மீனுக்கு ஒரு கடை, கறிக்கு ஒரு கடை, காய்க்கு ஒரு கடை என்று வாடிக்கை பிடியுங்கள். போனதும் விலை கேட்காமல், "இன்னைக்கு எது நல்லா இருக்கு?" என்று கேளுங்கள். வந்த சரக்கில் எது எப்போது வந்தது என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். நாளையும் வரப்போகிறவர் என்று தெரிந்துவிட்டால், அவரே வேண்டாத மீனிலிருந்து உங்கள் கையைத் தள்ளிவிடுவார். அன்று கானாங்கெளுத்தியைத் தூக்கிக் காட்டிய பெரியவர் விலை அதிகமான வஞ்சிரத்தை என்னிடம் விற்றிருக்கலாம். அவர் விற்கவில்லை. அந்தப் பயணம் முடியும்வரை நான் வேறு கடையில் மீன் வாங்கவும் இல்லை.